நிழல்வழிகள்: இந்தியச் சாலைமரங்களின் வரலாறும் பேணுதல் திட்டமும்

முன்னுரை

சாலை என்பது இரண்டு ஊர்களை இணைக்கும் தரைப்பரப்பு மட்டுமன்று. அதன் இருமருங்கும் நிற்கும் மரங்கள், இடையிடையே அமைந்த கிணறுகள், சத்திரங்கள், தொலைவு காட்டும் கற்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சாலை என்னும் எண்ணம் இந்திய மரபில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. இன்று சாலை விரிவாக்கம் நிகழும் இடங்களிலெல்லாம் முதலில் வீழ்வன இம்மரங்களே. இவற்றைக் காப்பது குறித்து நீதிமன்றங்களிலும் பொதுவெளியிலும் நிகழும் விவாதம் பெரும்பாலும் ‘வளர்ச்சியா, இயற்கையா’ என்னும் இருமுனை வினாவாகவே அமைந்துவிடுகிறது. சாலைமரங்களை நட்டவர் யார், நீர் வார்த்துக் காத்தவர் யார், அவற்றின் பயனைத் துய்த்தவர் யார் என்னும் வரலாற்று வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. சாலைமரங்கள் நிலைபெற்றதற்கு அழகுணர்ச்சியும் அறவுணர்ச்சியும் மட்டும் காரணங்கள் அல்ல. அவற்றைப் பேணும் பொறுப்பு எவரிடமேனும் தெளிவாக ஒப்படைக்கப்பட்டிருந்தமையே முதன்மைக் காரணம் என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

சொல்லும் பொருளும்

பழந்தமிழில் பாதையைக் குறிக்க ஆறு, நெறி, அதர், வழி, பெருவழி எனப் பல சொற்கள் வழங்கின. இரண்டாகவோ பலவாகவோ பிரியும் வழியைக் கவலை என்றனர். ‘சாலை’ என்னும் சொல்லோ முற்காலத்தில் பாதையைக் குறித்ததாகத் தெரியவில்லை. அறச்சாலை, வேள்விச்சாலை, காந்தளூர்ச் சாலை முதலிய வழக்குகளில் அது கூடத்தையோ நிறுவனத்தையோ குறித்தது. பாதை என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்தபோது, மரங்கள் வரிசையாக நிற்கும் பெருவழி என்னும் பொருளையும் அகராதிகள் அதற்குத் தந்துள்ளமை நோக்கத்தக்கது. தமிழ் வழக்கில் நிழலில்லாத தடம் வழியாகலாம். சாலை என்னும் சொல்லோடு மரமும் உடன்வந்தது.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழி காட்டுதலை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியையும், அங்குச் சுங்கம் கொள்வதையும், வில்லேந்திய காவலரையும் காட்டுகிறது. மலைபடுகடாம் நன்னனின் நாட்டுக்குச் செல்லும் மலைவழியின் இடர்களையும் இனிமைகளையும் ஒருங்கே விரிக்கிறது. வழுக்குமிடம், விலங்கு திரியுமிடம், உணவு கிடைக்குமிடம் ஆகியவற்றோடு அருவியும் மலைவளமும் அதில் இடம்பெறுகின்றன. வழியின் பாதுகாப்பும் வழியின் எழிலும் ஒரே விளக்கத்துக்குள் அடங்கியமை இவ்விலக்கியங்களின் சிறப்பாகும். இற்றைநாள் சாலைத் திட்டங்களில் இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

அசோகரின் சாசனங்கள்

இந்தியாவில் சாலைமரம் நடுதலை அரசின் கடமையாக அறிவித்த மிகப் பழைய எழுத்துச் சான்று அசோகரின் சாசனங்களாகும். தோப்ராவிலிருந்து பெரோஸ் ஷா துக்ளக்கால் பதினான்காம் நூற்றாண்டில் தில்லிக்குக் கொண்டுவரப்பட்ட தூணில் மட்டுமே ஏழாம் தூண் சாசனம் காணப்படுகிறது. அசோகர் முடிசூடிய 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம், விலங்குகளுக்கும் மனிதருக்கும் நிழல் தரும் பொருட்டு வழிகளில் ஆலமரங்கள் நடப்பட்டதையும், மாந்தோப்புகள் அமைக்கப்பட்டதையும், கிணறுகள் தோண்டப்பட்டதையும், தங்குமிடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் ஏற்படுத்தப்பட்டதையும் கூறுகிறது. கிணறுகளின் இடைவெளியைச் சுட்டும் பிராகிருதச் சொல்லுக்கு எட்டுக் குரோசம் என்றும் அரைக் குரோசம் என்றும் அறிஞர் இருவேறு பொருள் கொண்டனர். எப்பொருள் கொண்டாலும், நீர்நிலைகள் குறித்த இடைவெளியில் திட்டமிடப்பட்டன என்பது தெளிவு. இத்தகைய வசதிகளை முன்னை அரசரும் செய்துள்ளனர் என்று அச்சாசனம் ஒப்புக்கொள்வதும் எண்ணத்தக்கது. சாலையில் நிழல் தருதல் அசோகருக்கு முன்பே அரசநெறியாக இருந்தது என்பதற்கு அவரது கூற்றே சான்று.

இரண்டாம் பாறைச் சாசனம் தமிழ் ஆய்வாளருக்கு மேலும் நெருக்கமானது. மருத்துவ வசதிகளைப் பற்றிப் பேசும் அச்சாசனம் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளையும் தாம்பரபரணியையும் பெயர் சுட்டுகிறது. வழிகளில் மரங்கள் நடப்பட்டதையும் கிணறுகள் வெட்டப்பட்டதையும் அதனுடன் சேர்த்தே கூறுகிறது. இஃது அரசரின் கூற்றே ஆகும். அவர் ஆட்சிக்கு உட்படாத தமிழ் நாடுகளில் அம்மரங்கள் உண்மையில் நடப்பட்டனவா என்பதை இச்சாசனத்தை மட்டும் கொண்டு உறுதி செய்ய இயலாது. ஆயினும் மருத்துவமும் நிழலும் நீரும் ஒரே அறத்தின் கூறுகளாகக் கருதப்பட்டமையை அது காட்டுகிறது. சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் ஐயம், 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழ்க் கல்வெட்டால் தீர்ந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அக்கல்வெட்டில் சத்தியபுத்திரன் எனக் குறிக்கப்படுகிறான்.

பெருவழிக் கற்கள்

அந்த அதியமான்களின் பெயராலேயே பிற்காலத்தில் ஒரு பெருவழி வழங்கியது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழப் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தொலைவுக் கற்கள் அதியமான் பெருவழியைக் குறிப்பிட்டு, நாவல் தாவளம் என்னும் இடத்துக்கு உள்ள தொலைவைக் காதக் கணக்கில் தெரிவிக்கின்றன. ஒரு கல்லில் 29 காதம் என்னும் தொலைவு எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்பட்டதோடு, பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கரும் விரலால் தடவித் தொலைவை அறியலாம். அக்காலச் சாலை நிருவாகம் யாரை மனத்திற்கொண்டு செயற்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ‘தாவளம்’ என்னும் சொல் வணிகச் சாத்து தங்குமிடத்தைக் குறிப்பது. அதற்கு நாவல் மரத்தால் பெயர் அமைந்தது எனக் கொள்ளலாம்.

கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் காலத்ததாகக் கருதப்படுகிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெண்பா யாப்பில் அமைந்த அக்கல்வெட்டில் அரசனின் காவல் நிழலாக உருவகம் பெறுகிறது. பெருவழி ஒன்றை நிறுவியதைப் பாடும் பாட்டில் இவ்வுருவகம் இடம்பெற்றது தற்செயலாகாது. வெண்கொற்றக்குடையின் நிழலும் வழிநடையின் நிழலும் ஒரே சொல்லால் சுட்டப்படும் மரபில், நிழலற்ற வழி காவலற்ற வழியே ஆகும்.

இடைக்கால அரசுகளும் நெடுநிழலும்

ஷேர் ஷா சூரி (1540-1545) பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்றாகச் சராய்களை அமைத்ததையும் இருமருங்கும் மரங்கள் நட்டதையும் அப்பாஸ் சர்வானியின் வரலாற்று நூல் கூறுகிறது. சராய்களுக்குப் பணியாளரும் செலவுக்குரிய வருவாயும் ஒதுக்கப்பட்டன. ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில், ஆக்ராவிலிருந்து அட்டோக் வரையிலும், ஆக்ராவிலிருந்து வங்காளம் வரையிலும் சாலையின் இருபுறமும் மரங்கள் நட ஆணையிட்டதைக் குறிப்பிடுகிறார். ஆக்ராவுக்கும் லாகூருக்கும் இடையே குரோசத்துக்கு ஒரு தூணும் மூன்று குரோசத்துக்கு ஒரு கிணறும் அமைக்கவும் அவர் ஆணையிட்டார். தாமஸ் ரோவின் தூதுக்குழுவின் வழியே உருவாகி 1619இல் வெளியான வில்லியம் பாஃபினின் நிலப்படத்தில், ஆக்ரா-லாகூர் மரவரிசை ஒரு தனி நில அடையாளமாகவே வரையப்பட்டுள்ளது. ஆறும் மலையும் போல ஒரு சாலையின் மரவரிசையும் நிலப்படத்தில் இடம்பெறும் தகுதியுடையதாக அயலாருக்குத் தோன்றியிருக்கிறது. அத்தூண்களில் எஞ்சியவை பல இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். அவற்றோடு நின்ற மரங்களுக்கு அந்தத் தகுதி கிட்டவில்லை. கல்லை வரலாறாகவும் மரத்தை வெறும் பயிராகவும் காணும் பார்வை இங்கே வெளிப்படுகிறது.

மதுரை நாயக்க அரசின் பொறுப்பை 1689 முதல் ஏற்று ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் தென்தமிழகத்தில் இன்றும் சில சாலைகள் வழங்குகின்றன. மங்கம்மாள் சாலை என்னும் பெயர் மக்கள் நினைவில் மரத்தோடும் சத்திரத்தோடும் பிணைந்தது. அரசாணைகள் மறைந்த பின்னும் சாலை ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பதற்கு, அவ்வழி நடந்தோர் பெற்ற நிழலும் சோறுமே காரணங்களாகலாம்.

மகசூலும் காவலும்

ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைமரங்கள் அறத்தின் வரம்பிலிருந்து நிருவாகக் கணக்கின் வரம்புக்கு மாறின. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் தல வாரியச் சட்டத்தின்கீழ் மாவட்ட, தாலுகா போர்டுகள் சாலைகளைப் பராமரித்தன. சாலைமரங்களின் பலன் அவற்றின் வருவாய் இனங்களுள் ஒன்றாக இருந்தது. புளிய மரத்தின் காய்ப்பு ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்பட்டது. பட்ட மரத்தையும் முறிந்த கிளையையும் விற்ற பணமும் கணக்கில் வந்தது. மரங்களுக்கு எண் இட்டு, அடிமரத்தில் வண்ணப்பட்டை தீட்டும் வழக்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் புளிமகசூலைக் குத்தகைக்கு விட்டன.

இம்முறையின் பயன் வருவாயோடு முடியவில்லை. எண் இடப்பட்ட மரம் காணாமற்போனால் பதில் சொல்ல வேண்டிய அலுவலர் ஒருவர் இருந்தார். குத்தகை எடுத்தவர் காய்க்காலத்தில் மரத்தைக் காவல் காத்தார். கிளையை வெட்டுவோரை ஊரார் தட்டிக் கேட்டனர். இவ்வாறு ஒரு மரத்தின்மேல் மூவரின் கண்கள் இருந்தன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நகரத்தின் சந்தியில் நின்ற மரம் வணிகப் போட்டியிலும் நகரசபை அரசியலிலும் சிக்கி அழிகிறது. மரத்தின்மேல் உரிமை கோருவோர் பலராகி, பொறுப்பேற்போர் எவருமில்லாதபோது நேர்வது இதுவே என்பதை அந்நாவல் ஆய்வுரைகளைவிடத் தெளிவாக உணர்த்துகிறது.

புதுதில்லியின் சாலைமரங்களும் இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின் உருவான அந்நகரில் சாலைக்கு ஒரு மரவகை என்னும் முறையில் வேம்பு, நாவல், மருது, புளி முதலியன திட்டமிட்டு நடப்பட்டன. நாவற்பழக் காலத்தில் மகசூலை ஏலம் விடும் வழக்கமும் அங்கு உண்டு. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப்பாதுகாப்புச் சட்டம் முன்னனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுக்கிறது. ஆயினும் ஒரே காலத்தில் நடப்பட்ட மரங்கள் ஒரே காலத்தில் மூப்படைகின்றன. ஒருவகை மரமே நிற்கும் சாலையில் நோயோ முதுமையோ வந்தால் வரிசை முழுவதும் ஒருங்கே கெடும். பழைய மரம் வீழுமுன் அதன் இடத்துக்குரிய இளமரத்தை வளர்த்தெடுக்கும் திட்டம் இல்லையெனில், சட்டத்தின் தடை மட்டும் மரவரிசையைக் காப்பாற்றாது.

யசோர் சாலை வழக்கு

சாலைமரங்களின் மதிப்பு யாது என்னும் வினா நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக எழுந்தது யசோர் சாலை வழக்கில்தான். கொல்கத்தாவிலிருந்து பெட்ராபோல் எல்லை வழியாக வங்காளதேசத்தின் யசோர் நகருக்குச் செல்லும் இச்சாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜமீன்தார் ஒருவர் தம் தாய் கங்கையில் நீராடச் செல்லும் பொருட்டு அமைத்தது என்று கூறுவர். 1971இல் எல்லை கடந்து வந்த ஏதிலியர் இம்மரங்களின் கீழ்த் தங்கினர். அலென் கின்ஸ்பெர்கின் புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்று இச்சாலையின் பெயரைத் தாங்கியுள்ளது.

இருப்புப்பாதைக்கு மேலே ஐந்து மேம்பாலங்கள் கட்டுவதற்காக 356 மரங்களை வெட்டக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் இசைந்தது. ஒரு மரத்துக்கு ஐந்து கன்றுகள் நட வேண்டும் என்பது நிபந்தனை. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்து, 2020இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. மரத்தின் வயதை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்னும் தொகையால் பெருக்கி அதன் மதிப்பைக் கணிக்கலாம் என அக்குழு பரிந்துரைத்தது. இக்கணக்கில் நூறு வயது மரம் ஒன்றின் மதிப்பு 74.5 இலட்சம் ரூபாயாகும். மரங்களை வெட்டுமுன் நீர்வழி, இருப்புப்பாதை முதலிய மாற்று வழிகளை ஆராய வேண்டும் என்றும் அக்குழு கூறியது. 2021 மார்ச்சில் எம். கே. ரஞ்சித்சிங் தலைமையில் எழுவர் குழுவை நீதிமன்றம் அமைத்தது. எனினும் 2023 பிப்ரவரியில் மேல்முறையீடு தள்ளுபடியாகி, 356 மரங்களை வெட்டுவதற்கான தடை நீங்கியது. இருப்புப்பாதைக் கடவைகளில் நேரும் உயிரிழப்பும் நெரிசலும் மேம்பாலங்களுக்கு ஆதரவான வலுவான காரணங்களாயின.

இவ்வழக்கிலிருந்து பெறத்தக்க உண்மை ஒன்றுண்டு. மேம்பாலத்தின் வரைபடம் முடிவான பின்னரே மரத்தின் மதிப்பு பேசப்பட்டது. அந்நிலையில் எத்தொகையைக் குறித்தாலும் அது மரத்தின் விலையாகுமேயன்றி, சாலையின் அமைப்பைத் தீர்மானிக்கும் அளவுகோல் ஆகாது.

சேவெள்ளாவின் ஆலமரங்கள்

ஐதராபாத்திலிருந்து பீஜப்பூர் நோக்கிச் செல்லும் சாலையில் சேவெள்ளா வழியாக ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவுக்கு, நிஜாம் ஆட்சிக் காலத்தில் நடப்பட்ட சுமார் 900 ஆலமரங்கள் நிற்கின்றன. நான்குவழி விரிவாக்கத் திட்டத்தால் இவை அழியும் நிலை வந்தபோது, குடிமக்கள் மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகினர். வழக்கின் போக்கில் சாலைத் திட்டம் திருத்தப்பட்டு, பெரும்பாலான மரங்களை இருந்த இடத்திலேயே நிறுத்திச் சாலையின் போக்கை மாற்றும் வழி ஆராயப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குறுகிய சாலையில் விபத்துகள் தொடர்ந்தன. 2025 நவம்பரில் நேர்ந்த பேருந்து விபத்தில் பலர் உயிரிழந்தபின், மரங்களைக் காக்க முயன்றோர்மீது கடுஞ்சினம் எழுந்தது.

இச்சினத்தைப் புறக்கணித்தல் தகாது. அசோகரின் சாசனம் ஆலமரத்தை நட்டது வழிச்செல்வோரின் நலம் கருதியே. வழிச்செல்வோர் உயிரிழக்கக் காரணமாகும் சாலையை மரத்தின் பெயரால் நியாயப்படுத்த இயலாது. ஆனால் இங்குத் தாமதத்துக்குக் காரணம் மரமா, மரத்தைக் கணக்கிற்கொள்ளாமல் முதலில் வரையப்பட்ட திட்டமா என்று வினவ வேண்டும். இறுதியில் ஆராயப்பட்ட திருத்தம் தொடக்கத்திலேயே எண்ணப்பட்டிருப்பின், வழக்கும் காலக்கழிவும் நேர்ந்திரா.

பேணுதல் திட்டத்தின் கூறுகள்

அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. 1935இல் தொடங்கி 1987இல் முழுமையடைந்த அந்த 469 மைல் சாலை, ஸ்டான்லி அபட் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளரின் திட்டத்தில் உருவானது. நிலத்தோற்றமே முதல் வரைபடத்தைத் தீர்மானித்தது. சரக்கு வண்டிகள் அதில் அனுமதிக்கப்படுவதில்லை. சாலையோர நிலங்கள் சில, வேளாண்மைக்காகவே குத்தகைக்கு விடப்பட்டு, பண்ணைக் காட்சி காக்கப்படுகிறது. ஆனால் அஃது உல்லாசப் பயணத்துக்கெனப் புதிதாக அமைத்த சாலை. இந்தியச் சாலைகளோ பேருந்தும் லாரியும் மாட்டுவண்டியும் ஒருங்கே செல்வன. எனவே அம்மாதிரியை அப்படியே பின்பற்ற இயலாது; நிலத்தோற்றத்தை முதற்கட்டத்திலேயே கணக்கில் கொள்ளும் நெறியை மட்டும் கொள்ளலாம்.

இந்தியாவில் விதிகளுக்குக் குறைவில்லை. இந்தியச் சாலைப் பேரவை 2009இல் சாலையோர நிலத்தோற்றத்துக்கும் மரநடவுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2015இல் அறிவிக்கப்பட்ட பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் ஒரு விழுக்காட்டை மரநடவுக்கு ஒதுக்குகிறது. தமிழக அரசு 2021இல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கன. எனினும் நடுவதற்குப் பணம் ஒதுக்குவது எளிது. நட்ட மரத்தின்மேல் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பொறுப்புடையவர் யார் என்பது பெரும்பாலும் தெளிவாவதில்லை. ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்ததும் கன்றுக்கு உரியவர் எவருமிலர். வரலாற்றுச் சான்றுகளின் அடிப்படையில், பேணுதல் திட்டமொன்றுக்குப் பின்வரும் கூறுகள் இன்றியமையாதன எனலாம்.

முதலாவது, கணக்கெடுப்பு. தூணையும் கல்லையும் போலவே பழைய மரவரிசையும் எண் இட்டு, வயதும் வகையும் குறித்து, மரபுச் சொத்தாகப் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டாவது, வரிசை. தடம் குறிக்கும் முன்னரே இப்பதிவு பொறியாளரின் கைக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, தொடர்ச்சி. மூத்த மரங்களுக்கு இடையே பலவகை இளமரங்கள் முன்கூட்டியே வளர்க்கப்பட வேண்டும். நான்காவது, பங்கு. புளியும் நாவலும் மாவும் தரும் மகசூலில் அண்டை ஊராருக்கும் ஊராட்சிக்கும் பங்கு இருப்பின் காவலும் இருக்கும். ஐந்தாவது, பாதுகாப்பு. வேகக் கட்டுப்பாடு, ஒளிரும் பட்டைகள், ஆபத்தான கிளைகளை நீக்குதல், மரவரிசையை நடுவில் நிறுத்தி இருபுறமும் தடம் அமைத்தல் ஆகியவை மரப்பேணுதலின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும்.

முடிவுரை

அசோகரின் சாசனம் முதல் யசோர் சாலைத் தீர்ப்பு வரை நீளும் இவ்வரலாற்றில், சாலைமரம் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் அது அரசனின் அறமாக இருந்தது. பின்னர் நிருவாகத்தின் வருவாயாயிற்று. இன்று போக்குவரத்தின் இடையூறாகக் கருதப்படுகிறது. முதலிரு நிலைகளிலும் மரத்துக்குப் பொறுப்பாளர் இருந்தார். மூன்றாம் நிலையில் வெட்டுவதற்கு அனுமதி தரும் அலுவலர் உளர். வளர்ப்பதற்குப் பொறுப்பேற்பவரைக் காண்பது அரிது. ஒன்றுக்கு ஐந்தாக நடப்படும் கன்றுகள் நிழல் தருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். அதுவரை அவற்றுக்கு நீர் வார்க்கும் கை எது என்பதைத் திட்ட ஆவணத்திலேயே எழுதி வைக்காத வரையில், எண்ணிக்கையால் நிழல் விளையாது. எழுத்தறியாதவனும் தடவி அறியும்படி கல்லில் குழி வெட்டிய நிருவாகம், வழிச்செல்லும் கடைசி மனிதனையும் எண்ணிப் பார்த்தது. இன்றும் வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும், சாலையோரம் கடை விரித்திருப்பவருக்கும், நடந்து செல்பவருக்குமே அம்மரங்களின் நிழல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. குளிரூட்டிய ஊர்தியில் விரைவோரின் நேரத்தோடு இவர்களின் தேவையும் ஒரே தராசில் வைக்கப்படுமாயின், சாலை மீண்டும் தன் பெயருக்குரிய பொருளைப் பெறும்.